பரணில் கிடக்கும் கருவிகள்

உழைப்பவருக்குக் கருவி உற்ற துணை. நல்ல கதிர் அரிவாள் அறுவடை செய்வோரின் கைவலியைக் குறைக்கிறது. கூரிய இழைப்புளி தச்சரின் ஒரு நாள் வேலையை அரை நாளில் முடித்துத் தருகிறது. இவ்வுண்மையை எவரும் மறுப்பதற்கில்லை. ஆயினும் நம் சிற்றூர்களில் பல வீடுகளின் பரணையும் மாட்டுக் கொட்டிலின் மூலையையும் எட்டிப் பார்த்தால், விலை கொடுத்து வாங்கப்பட்டு, இரண்டொரு முறை கையாளப்பட்டு, பின்னர் தொடுவாரின்றிக் கிடக்கும் கருவிகளைக் காணலாம். மின்கலம் செத்த தெளிப்பான், கயிற்றை எத்தனை முறை இழுத்தாலும் உயிர் பெறாத புல் வெட்டும் இயந்திரம், உருளை சுழலாத களைக்கருவி, காப்பு மூடியை இழந்த கிரைண்டர் என இப்பட்டியல் நீளும்.

இவற்றை வாங்கியவர்கள் வீண் செலவு செய்யும் இயல்பினர் அல்லர். ஒவ்வொரு காசையும் எண்ணிச் செலவிடுவோரே அவர்கள். கூலியாட்கள் கிடைக்காத நெருக்கடியிலும், உழைப்பின் சுமையைக் குறைக்கும் ஆவலிலும் அக்கருவிகளை வாங்கினார்கள். அவற்றுள் பெரும்பாலானவை கெட்ட கருவிகளும் அல்ல. வேறோர் இடத்தில், வேறொரு கையில், அவையே நன்கு பயன்பட்டு வருகின்றன. அவ்வாறாயின் குறை எங்கே உள்ளது?

ஒரு கருவி தனியே வேலை செய்வதில்லை. அதற்கேற்ற நிலம், அதற்கேற்ற சாகுபடி முறை, அதை இயக்கும் உடல், அதைப் பழுது பார்க்கும் பட்டறை, அதற்குப் போதிய வேலை நாட்கள் ஆகிய துணைகள் கூடினால்தான் அது கருவியாகும். இல்லையேல் வெறும் இரும்பே. நாம் விலை கொடுத்து வாங்குவது இரும்பை மட்டுந்தான். துணைகளை நாமே தேடி அமைக்க வேண்டும். இதனை மறந்து செய்யும் கொள்முதலே பின்னர் வருத்தத்தில் முடிகின்றது. இது எவ்வாறு நேர்கின்றது என்பதையும், நேராமல் காப்பது எவ்வாறு என்பதையும் இக்கட்டுரையில் ஆராய்வோம்.

சைதாப்பேட்டைப் பண்ணை தரும் பாடம்

இத்தகைய கொள்முதல் ஏழைக் குடியானவர் மட்டும் செய்வதன்று, அரசாங்கங்களும் செய்ததுண்டு. 1860-களில் சென்னை மாகாண ஆளுநராக இருந்த சர் வில்லியம் டெனிசன், நம் நாட்டு வேளாண்மையைத் திருத்த விரும்பி, இங்கிலாந்திலிருந்து நீராவிக் கலப்பைகள், விதைக்கும் கருவிகள், கதிரடிக்கும் இயந்திரங்கள் முதலியவற்றை வரவழைத்தார். அவற்றைச் சோதிக்கச் சென்னையை அடுத்த சைதாப்பேட்டையில் ஒரு பண்ணை அமைந்தது. நோக்கம் உயர்ந்ததே; இயந்திரங்களும் தம் தாய்நாட்டில் சிறப்பாக உழைத்தவையே. ஆயினும் அவை சென்னை மாகாணத்துச் சிற்றூர்களில் பரவவில்லை.

காரணத்தை ஊகிப்பது கடினமன்று. பரந்த நிலத்திற்கென அமைந்த இயந்திரம், வரப்புகளால் துண்டுபட்ட சிறு வயல்களில் திரும்பவும் இடமின்றித் தவிக்கும். பெரிய குதிரைகள் இழுக்கும் கனத்த இரும்புக் கலப்பையை நம் உழவு மாடுகள் இழுக்கமாட்டா. ஓர் உறுப்பு உடைந்தால் அதனைச் செய்து தரும் கொல்லர் ஊரில் இல்லை. கப்பலில் வர வேண்டும். நாட்டுக் கலப்பையோ, உழவர் தோளில் சுமந்து செல்லக்கூடிய எடையது. ஊர்த் தச்சரே ஒரு நாளில் செப்பனிடக் கூடியது.

பின்னர் 1889-இல் இந்தியாவுக்கு வந்து, நாடெங்கும் சுற்றிப் பார்த்த ஜான் அகஸ்டஸ் வோல்கர் என்ற வேளாண் வேதியியல் அறிஞர், 1893-இல் வெளியான தம் அறிக்கையில், இந்திய உழவரின் கருவிகள் எளியவையாயினும் அவர்தம் நிலைக்குப் பொருந்தியவை என்பதை எடுத்துக் காட்டினார். புதிய கருவி எதுவும் மலிவானதாகவும், இலேசானதாகவும், ஊரிலேயே பழுது பார்க்கத் தக்கதாகவும் இருத்தல் வேண்டும் என்பதே அப்பழைய அனுபவத்தின் சாரம். சைதாப்பேட்டையின் வேளாண் கல்வி முயற்சி பின்னர் கோயம்புத்தூருக்கு மாறி, இன்றைய தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் வேராக அமைந்தது. வெளிநாட்டுக் கருவியை அப்படியே கொணராமல், நம் நிலத்திற்கேற்பக் கருவியை ஆக்கும் ஆராய்ச்சி அங்கு வளர்ந்தது. அப்பழைய கொள்முதலின் பாடம் வீண்போகவில்லை என்று கொள்ளலாம்.

துணையற்ற தனிக்கருவி

நம் நெல் வயல்களில் இதே பாடம் மீண்டும் மீண்டும் எழுந்துள்ளது. 1953-இல் நம் நாட்டில் ஜப்பானிய முறை நெற்சாகுபடி இயக்கம் தொடங்கப்பட்டது. வரிசை நடவும், வரிசைகளுக்கிடையே தள்ளிச் செல்லும் சுழல் களைக்கருவியும் அதன் முக்கிய அங்கங்கள். வரிசையாக நட்ட வயலில் அக்கருவி களையை மண்ணில் அமிழ்த்தி, வேருக்குக் காற்றோட்டமும் தரும். ஆனால் கலைத்து நட்ட வயலில் அதனை இறக்கினால், களையோடு பயிரும் மடியும். கருவியை வாங்கி, வரிசை நடவை விட்டுவிட்டவருக்கு அது பயன்படாத பொருளே.

அண்மைக் காலத்தில், ஒற்றை நாற்று நடவு என்று மக்கள் வழங்கும் செம்மை நெல் சாகுபடியிலும் இதுவே நிலை. மடகாஸ்கர் தீவில் பாதிரியார் ஆன்றி தெ லொலானியே 1980-களில் உருவாக்கிய அம்முறை, பின்னர் நம் மாநிலத்திலும் பரவிற்று. 14 நாள் வயதுள்ள இளம் நாற்றைக் குத்துக்கு ஒன்றாக, 25 செ.மீ. இடைவெளியில் சதுரமாக நடுவது அதன் நெறி. நட்ட பத்தாம் நாள் முதல், பத்து நாளைக்கு ஒருமுறை, கோனோவீடர் என்னும் உருளைக் களைக்கருவியை நெடுக்கிலும் குறுக்கிலும் உருட்ட வேண்டும்.

இக்கருவி பயன்பட எத்தனை துணைகள் வேண்டும் என்று எண்ணிப் பார்க்கலாம். வயல் சமமாகப் பரம்படிக்கப்பட்டிருத்தல் வேண்டும். கோடு போடும் கருவியால் வயலில் கோடு கிழித்திருத்தல் வேண்டும். நடவாட்கள் அக்கோடுகள் சந்திக்கும் இடத்திலேயே நட வேண்டும். உருட்டும் நாளில் வயலில் மெல்லிய அளவு நீர் நிற்க வேண்டும். வயல் காய்ந்திருந்தால் உருளை சுழலாது, சேறு மிக ஆழமாயின் கருவி புதையும். களை சிறிதாக இருக்கும்போதே உருட்ட வேண்டும். முற்றிய களை உருளையின் பற்களில் சுற்றிக்கொள்ளும். இவற்றுள் ஒன்று தவறினாலும் கருவி தள்ளுவோரை வாட்டும். மறுநாளே அது பரணுக்கு ஏறும். "கருவி சரியில்லை" என்ற பேச்சும் ஊரில் பரவும். உண்மையில் வாங்கப்பட்டது கருவி மட்டுமே, முறை வாங்கப்படவில்லை.

ஆகவே, புதிய சாகுபடிக் கருவி ஒன்றை வாங்க எண்ணுவோர், முதலில் அம்முறையைக் கால் ஏக்கரில் இரவல் கருவி கொண்டு செய்து பார்ப்பது நலம். முறை தம் வயலுக்கும் நடவாட்களுக்கும் பொருந்துமாயின் கருவி வாங்கலாம். பொருந்தாவிடில், இழப்பு கால் ஏக்கரோடு நின்றுவிடும்.

ஆண்டில் எத்தனை நாள் வேலை?

விலையுயர்ந்த இயந்திரங்களைப் பொறுத்தவரை, வருத்தத்திற்கு முதற்காரணம் வேலை நாட்களின் குறைவே. இயந்திரம் வேலை செய்யாத நாளிலும் அதற்குச் செலவு உண்டு என்பதைப் பலர் கருதுவதில்லை. ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கைப் பார்ப்போம்.

ஒருவர் 2,00,000 ரூபாய்க்கு ஒரு பவர் டில்லர் வாங்குகிறார் எனக் கொள்வோம். பத்தாண்டுக்குப் பின் அது 20,000 ரூபாய்க்கு விலைபோகும் எனில், தேய்மானம் ஆண்டுக்கு 18,000 ரூபாய். முதலீட்டின் சராசரி மதிப்பு 1,10,000 ரூபாய். அதற்கு நூற்றுக்கு 10 வீதம் வட்டி 11,000 ரூபாய். பழுது பார்க்கவும் உறுப்புகள் மாற்றவும் விலையில் நூற்றுக்கு 5 வீதம் என வைத்தால் 10,000 ரூபாய். ஆக, எரிபொருளும் ஆள்கூலியும் சேராமலே ஆண்டுக்கு 39,000 ரூபாய் செலவாகின்றது.

இவர் தமது இரண்டு ஏக்கரில் ஆண்டுக்கு 6 நாட்கள் மட்டும் அதனை ஓட்டினால், ஒரு நாளைக்கு 6,500 ரூபாய் விழுகின்றது. அக்கம்பக்கத்தார் நிலங்களிலும் சேர்த்து 60 நாட்கள் ஓட்டினால், நாளொன்றுக்கு 650 ரூபாயே ஆகும். ஒரே இயந்திரம், ஒரே விலை. ஆனால் ஒருவரைக் கடனாளியாக்குகிறது, மற்றொருவருக்குத் தொழிலாகிறது. வேறுபாடு இயந்திரத்தில் இல்லை; நாட்கணக்கில் உள்ளது.

"பாதி விலை மானியமாகக் கிடைக்கிறதே" என்று சிலர் கேட்கலாம். மானியம் சிறந்த உதவி என்பதில் ஐயமில்லை. ஆயினும் மானியம் கொள்முதல் விலையைத்தான் பாதியாக்கும். பழுதுச் செலவைப் பாதியாக்காது. மேற்கண்ட இயந்திரத்தைப் பாதி மானியத்தில் வாங்கினால், தேய்மானம் 8,000, வட்டி 6,000, பழுதுச் செலவு முன்போலவே 10,000. மொத்தம் 24,000 ரூபாய். ஆறே நாட்கள் ஓட்டுபவருக்கு அப்போதும் நாளொன்றுக்கு 4,000 ரூபாய் ஆகின்றது. மானியம் கிடைக்கிறது என்பது கருவி வாங்க ஒரு காரணமாக ஒருபோதும் ஆகாது. வேண்டிய கருவியை வாங்க அது துணை செய்யும், அவ்வளவே.

குதிரைத்திறன் மயக்கம்

பெரிது வாங்கினால் நல்லது என்ற எண்ணம் மற்றொரு மயக்கம். பம்பு செட்டு வாங்குவதில் இது மிகுதி. வினாடிக்கு 5 லிட்டர் நீரை 20 மீட்டர் உயரத்திற்கு ஏற்ற, ஏறத்தாழ 980 வாட்டு ஆற்றல் தேவை. பம்பும் மோட்டாரும் சேர்ந்து பாதித் திறனுடன் இயங்குவதாகக் கொண்டாலும் 1,960 வாட்டு, அதாவது 2.6 குதிரைத்திறன் போதுமானது. குழாயின் உராய்வையும் கருதி 3 குதிரைத்திறன் எனலாம். அங்கே 7.5 குதிரைத்திறன் பம்பைப் பொருத்தினால், கிணற்றில் ஊறும் நீர் பெருகிவிடாது. கிணறு விரைவில் வற்றி, பம்பு நீரின்றிச் சுற்றிப் பழுதாகும். "விரலுக்குத் தக்க வீக்கம்" என்ற பழமொழி கிணற்றுக்கும் பொருந்தும். கிணற்றின் ஊற்றையும், நீர் ஏற வேண்டிய உயரத்தையும் அளந்த பின்னரே பம்பின் அளவைத் தீர்மானித்தல் வேண்டும்.

எரிபொருளும் மின்கலமும்

சிறு பெட்ரோல் இயந்திரங்கள் இன்று ஊர்தோறும் வந்துவிட்டன. தோளில் மாட்டிப் புல் வெட்டும் இயந்திரம் அவற்றுள் ஒன்று. வரப்புப் புல்லை விரைவாக வெட்டும் இவ்வியந்திரம், பல வீடுகளில் ஓராண்டிலேயே ஓய்ந்து விடுகின்றது. இதற்குரிய காரணங்கள் இரண்டு.

முதலாவது, எண்ணெய்க் கலவை. இரண்டு வீச்சு இயந்திரங்களில் பெட்ரோலுடன் அதற்குரிய எண்ணெயைக் கலந்தே ஊற்ற வேண்டும். 50-க்கு 1 என்ற அளவு குறிக்கப்பட்டிருந்தால் லிட்டருக்கு 20 மில்லிலிட்டர். 25-க்கு 1 என்றால் 40 மில்லிலிட்டர். எண்ணெயின்றி வெறும் பெட்ரோலை ஊற்றினால் சிறிது நேரத்திலேயே பிஸ்டன் இறுகிவிடும். அதன் பின் செப்பனிடும் செலவு புதிய இயந்திரத்தின் விலையை நெருங்கும். நான்கு வீச்சு இயந்திரத்திலோ எண்ணெய்க்குத் தனி இடம் உண்டு; பெட்ரோலில் கலக்கலாகாது. வாங்கும்போதே இது எவ்வகை என்று கேட்டறிந்து, கலவை அளவை இயந்திரத்தின் மீதே வண்ணத்தால் எழுதி வைப்பது நன்று.

இரண்டாவது, தேங்கிய எரிபொருள். வேலை முடிந்ததும் தொட்டியில் பெட்ரோலை விட்டு, அடுத்த பருவத்தில் எடுப்பது வழக்கம். இதற்குள் பெட்ரோல் பிசினாகி, கார்புரேட்டரின் நுண்துளைகளை அடைத்துவிடும். 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் 2023-இல் அறிமுகமாகி, 2025-க்குள் நாடெங்கும் பரவியது. எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை ஈர்க்கும் இயல்புடையது. ஆகவே நெடுநாள் தேங்கினால் தொட்டியிலும் கார்புரேட்டரிலும் அரிப்பு உண்டாகலாம். பருவ வேலை முடிந்ததும் தொட்டியை வடித்துவிட்டு, எஞ்சிய எரிபொருள் தீரும்வரை இயந்திரத்தை ஓடவிட்டு நிறுத்தினால் இத்தொல்லை நேராது.

மின்கலத் தெளிப்பானின் கதையும் இத்தகையதே. ஈயமும் அமிலமும் கொண்ட 12 வோல்ட்டு மின்கலத்தை, மின்னேற்றம் தீர்ந்த நிலையில் மாதக்கணக்கில் விட்டுவைத்தால் அது மீளாது. தெளிப்பு வேலை இல்லாத மாதங்களிலும் இடையிடையே மின்னேற்றம் செய்து வருவதே அதன் ஆயுளைக் காக்கும். பழைய கைவிசைத் தெளிப்பானுக்கு இக்கவலை இல்லை. தோல் வட்டும் முனைத் துவாரமும் மாற்றினால் போதும். ஆண்டுக்கு ஓரிரு முறை மட்டுமே மருந்தடிக்கும் சிறு விவசாயிக்குக் கைவிசைத் தெளிப்பானே ஏற்றது என்பதை இதனால் உணரலாம்.

தச்சரும் மின்பணியாளரும் விரும்பும் கம்பியில்லாத் துளைக்கருவிகளில் வேறொரு சிக்கல் உண்டு. ஒரு நிறுவனத்தின் மின்கலம் பெரும்பாலும் மற்றொரு நிறுவனத்தின் கருவியில் பொருந்தாது. ஊர் பேர் தெரியாத கருவியை மலிவாக வாங்கி, அதன் மின்கலம் ஓய்ந்தபின் மாற்று மின்கலம் சந்தையில் இல்லையெனில், நல்ல நிலையிலுள்ள கருவியும் உடன் மடியும். மின்சார வசதியுள்ள பட்டறைக்குக் கம்பியுள்ள கருவியே நெடுநாள் உழைக்கும்.

மலிவும் ஆபத்தும்

பணத்தை இழப்பது ஒரு வருத்தம். உடலுறுப்பை இழப்பது ஈடு செய்ய முடியாத வருத்தம். சிறு கிரைண்டர் எனப்படும் கைச் சாணைப் பொறியைப் பற்றி இங்கே சிறிது விரிவாகச் சொல்ல வேண்டியுள்ளது.

100 மில்லிமீட்டர் தட்டுக் கொண்ட கிரைண்டர் நிமிடத்திற்கு ஏறத்தாழ 11,000 சுற்றுகள் சுழலும். அவ்வேகத்தில் தட்டின் விளிம்பு மணிக்கு 200 கிலோமீட்டருக்கும் மேலான விரைவில் செல்கின்றது. அத்தட்டு உடைந்தால், சில்லுகள் அதே விரைவில் பறக்கும். காப்பு மூடி பொருத்தப்பட்டிருப்பது இதற்காகவே. "மூடி இடைஞ்சல் செய்கிறது" என்று அதைக் கழற்றிவிடும் வழக்கம் பட்டறைகளில் பரவலாக உள்ளது. இரும்பறுக்கும் தட்டுக்குப் பதிலாக மரமறுக்கும் பற்சக்கரத்தை மாட்டி, கிளைகளையும் பலகைகளையும் அறுக்கும் வழக்கமும் உண்டு. இது மிகக் கொடிய வழக்கம். பற்சக்கரம் மரத்தில் சிக்கியதும் பொறி கையை உதறிவிட்டு எதிர்த்துப் பாயும். அதைப் பிடித்து நிறுத்தக் கைவலிமை போதாது.

தட்டின் மேல் அச்சிட்டிருக்கும் உச்ச வேகம், பொறியின் வேகத்திற்குக் குறையாதிருத்தல் வேண்டும். மரம் அறுக்க மரம் அறுக்கும் பொறியையே பயன்படுத்துதல் வேண்டும். கண்ணாடிக் கவசமும், காப்பு மூடியும், விசையை விட்டதும் நிற்கும் பொத்தானும் இல்லாத பொறி எவ்வளவு மலிவாயினும் வாங்கத் தக்கதன்று. குடும்பத்திற்கு உழைத்துத் தரும் கையின் விலை எந்தக் கடையிலும் குறிக்கப்படவில்லை.

கைக் கருவியும் கையும்

இயந்திரங்களை வாங்குமுன் நாலு பேரைக் கேட்கும் நாம், அரிவாள், மண்வெட்டி, களைக்கொத்து ஆகியவற்றைச் சந்தையில் கண்டதும் வாங்கிவிடுகிறோம். நாள்தோறும் கையிலிருப்பவை இவையே. பவர் டில்லர் ஆண்டில் சில நாட்களே உழைக்கும். மண்வெட்டியோ இருநூறு நாட்களுக்கு மேல் உழைக்கும். ஆகவே சிக்கனம் காட்டத் தகாத இடம் இதுவே.

இரும்பின் பதம் முதலில் கவனிக்கத் தக்கது. மிகக் கடினமான அலகு கல்லில் பட்டால் தெறிக்கும். மிக மென்மையான அலகு ஒரு நாளில் மழுங்கும். லாரியின் வில் பட்டையை உலையில் காய்ச்சி, பதமறிந்து நீரில் தோய்த்து, ஊர்க் கொல்லர் அடித்துத் தரும் அரிவாள், கடையில் பளபளக்கும் மெல்லிய தகட்டு அரிவாளைவிடப் பல ஆண்டுகள் உழைப்பதை நாம் அறிவோம். மழுங்கினால் அவரிடமே சென்று சாணை பிடிக்கலாம். முறிந்தால் அவரே ஒட்டுவார். கொல்லர் பட்டறை மூடப்பட்ட ஊரில், கருவி வாங்கும் ஒவ்வொரு குடும்பத்தின் செலவும் உயர்ந்துவிடுகின்றது.

அடுத்தது காம்பு. காம்பின் நீளமும் பருமனும் பிடிப்பவரின் உயரத்திற்கும் கைக்கும் ஒத்திருத்தல் வேண்டும். காம்பு குட்டையானால் முதுகு வளையும். பருத்தால் விரல்கள் சோரும். இன்று களையெடுப்பு, நடவு, அறுவடை ஆகிய வேலைகளில் பெரும்பங்கு பெண்களுடையது. ஆயினும் பெரும்பாலான கருவிகள் ஆண்களின் உயரத்தையும் வலிமையையும் கருதியே செய்யப்படுகின்றன. கடைக்குச் சென்று கருவியைத் தேர்வதும் பெரும்பாலும் ஆண்களே. வாங்குபவர் ஒருவர், உழைப்பவர் மற்றொருவர் என்ற இந்நிலை, கருவிகள் பரணேறுவதற்கு மறைவான ஒரு பெருங்காரணம். மகளிர் சுய உதவிக் குழுவிற்குக் களைக்கருவி வாங்கும்போது, குழுவின் உறுப்பினர் இருவராவது வயலில் அரை நாள் அதனை உருட்டிப் பார்த்துச் சொல்லிய பின்னரே வாங்குதல் முறையாகும்.

1929-ஆம் ஆண்டுப் போட்டி

நல்ல கருவிக்கு இலக்கணம் என்ன என்ற கேள்விக்கு நம் நாட்டிலேயே தெளிவான விடை ஒன்று எழுதப்பட்டுள்ளது. காந்தியடிகள் 1925-இல் நிறுவிய அகில பாரத நூற்போர் சங்கம், சிறந்த கைராட்டை ஒன்றைக் கண்டுபிடிப்பவருக்கு 1 லட்சம் ரூபாய் பரிசளிப்பதாக 1929-இல் அறிவித்தது. அப்போட்டிக்கு விதிக்கப்பட்ட நிபந்தனைகள் கருத்திற் கொள்ளத் தக்கவை. ராட்டை இலேசானதாகவும், குடிசையில் வைத்துக் கையாலோ காலாலோ இயக்கத் தக்கதாகவும் இருக்க வேண்டும். ஒரு பெண் எட்டு மணி நேரம் மிகுந்த களைப்பின்றி அதில் வேலை செய்ய இயல வேண்டும். இந்தியாவிலேயே செய்யத் தக்கதாகவும், விலை 150 ரூபாய்க்கு மிகாததாகவும் இருக்க வேண்டும். 20 ஆண்டுகள் உழைக்க வேண்டும். ஆண்டுதோறும் தேய்ந்த உறுப்புகளை மாற்றும் செலவு விலையில் நூற்றுக்கு 5 வீதத்தைத் தாண்டலாகாது.

வேகத்தையும் விளைச்சலையும் மட்டும் கேளாமல், உழைப்பவரின் களைப்பையும், பழுதுச் செலவையும், இருபதாண்டு ஆயுளையும் அந்நிபந்தனைகள் கேட்டன. பிற்காலத்தில் தமிழ்நாட்டைச் சேர்ந்த ஏகாம்பரநாதன் உருவாக்கிய அம்பர் சர்க்கா 1950-களில் நாடெங்கும் அறியப்பட்டது. ராட்டைக்கு எழுதப்பட்ட அந்நிபந்தனைகள், கிராமத்திற்கு வரும் எந்தக் கருவிக்கும் உரைகல்லாகத் தக்கவை.

வாங்குமுன் கேட்க வேண்டியவை

மேலே கூறியவற்றைத் தொகுத்து, கருவி வாங்குமுன் ஒவ்வொருவரும் தம்மைத்தாமே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்விகளைக் கீழே தருகிறோம்:

1. இக்கருவிக்கு ஆண்டில் எத்தனை நாள் வேலை உண்டு? நினைவைக் கொண்டு சொல்லாமல், சென்ற ஆண்டின் வேலைகளை எழுதிப் பார்த்துக் கணக்கிட வேண்டும்.

2. இதனோடு வேறு எது மாற வேண்டும்? நடவு முறையா, வயலின் அமைப்பா, மின் இணைப்பா?

3. இதைக் கையாளப் போகிறவர் யார்? அவர் தம் கையால் இயக்கிப் பார்த்தாரா?

4. பழுதானால் எங்கே கொண்டு செல்வது? அவ்விடம் எத்தனை கிலோமீட்டர்? "சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்" என்றாகிவிடக்கூடாது.

5. விரைவில் தேயும் உறுப்புகள் எவை? அவை நம் வட்டாரக் கடையில் கிடைக்கின்றனவா? வாங்கும் நாளிலேயே ஒரு பட்டையையோ, வடிகட்டியையோ, தெளிப்பு முனையையோ கூடுதலாகக் கேட்டுப் பார்த்தால் விடை தெரிந்துவிடும்.

6. ஐ.எஸ்.ஐ. முத்திரைக்குரிய கருவியாயின் அம்முத்திரை உள்ளதா? விலைச் சீட்டும் உத்தரவாதச் சீட்டும் தேதியிட்டுத் தரப்படுகின்றனவா?

7. காப்பு மூடி முதலிய பாதுகாப்பு அமைப்புகள் யாவும் உள்ளனவா?

8. வாங்காமல் வாடகைக்கு எடுத்தால் என்ன ஆகும்?

இவ்வெட்டில் இரண்டுக்கு விடை கிடைக்காவிடில், கொள்முதலை ஒரு பருவத்திற்குத் தள்ளிவைப்பதே விவேகம். கண்காட்சிப் பந்தலிலும், திருவிழாத் தள்ளுபடியிலும், "இன்றே கடைசி நாள்" என்ற விளம்பரத்தின் முன்னும் இக்கேள்விகளுக்கு விடை காண இயலாது. வீட்டிலிருந்து எழுதிக்கொண்டு செல்ல வேண்டும்.

ஊர்ப் பொதுவில் கருவி

நாள்தோறும் பயன்படும் கைக் கருவியை நல்லதாகப் பார்த்துச் சொந்தமாக வாங்குதல். பருவத்திற்கு மட்டும் வேண்டிய இயந்திரத்தை வாடகைக்கு எடுத்தல் அல்லது பலர் சேர்ந்து வாங்குதல் - பொதுவாக இதுவே நல்ல நெறி. இதற்கான வழிகளும் இல்லாமலில்லை. வேளாண்மைப் பொறியியல் துறை நெடுங்காலமாக இயந்திரங்களை வாடகைக்கு அளித்து வந்துள்ளது. 2014-15-இல் மத்திய அரசு தொடங்கிய வேளாண் இயந்திரமயமாக்கல் துணை இயக்கம், தனியார் கொள்முதலுக்கு மட்டுமன்றி வாடகை மையங்கள் அமைக்கவும் மானியத்திற்கு வகை செய்தது. 2018-இல் தமிழக அரசு வெளியிட்ட உழவன் செயலியும் இயந்திர வாடகை பற்றி அறிய உதவியது.

ஆயினும் பொதுக் கருவிக்கும் துணை வேண்டும். யார் பொறுப்பாளர், யார் ஓட்டுநர், வாடகைப் பணம் எங்கே சேரும், பழுதுக்கென எவ்வளவு ஒதுக்கப்படும், நடவு நாட்களில் யாருக்கு முதல் முறை என்பவற்றை முன்னரே எழுதி வைக்காத குழுவில், எல்லோருக்கும் உரிய இயந்திரம் எவருடையதும் அல்லாததாகிவிடும். ஒரு குறிப்பேடும், ஒரு பூட்டும், ஒரு பொறுப்பாளரும் இன்றிப் பொதுக் கருவி நிலைபெறாது.

முன்னரே வாங்கிப் பரணில் கிடக்கும் கருவிகளை என்ன செய்வது? அவற்றைக் கண்டு வெட்கி மறைப்பதில் பயனில்லை. பொங்கலுக்கு வீட்டை ஒழுங்குபடுத்தும்போது அவற்றை இறக்கி மூன்றாகப் பிரிக்கலாம். செப்பனிட்டால் நமக்குப் பயன்படுபவை ஒரு வகை. நமக்கு உதவாமல் அயலாருக்கு உதவுபவை மற்றொரு வகை. உறுப்புகளுக்காகக் கழற்றத் தக்கவை மூன்றாம் வகை. இரண்டாம் வகைக் கருவியை விற்பதோ இரவல் தருவதோ நன்று. வரிசை நடவு செய்யாதவரின் பரணில் கிடக்கும் கோனோவீடர், வரிசை நடவு செய்யும் அடுத்த தெருக்காரருக்கு இன்றே தேவைப்படலாம். வேலை நடக்கும் கையில் சேர்ந்த அன்றுதான் இரும்பு கருவியாகின்றது.

கிராம சபை கூடும் நாளில் ஊரிலுள்ள கருவிகளின் பட்டியல் ஒன்றைத் தயாரிக்க யாரேனும் முன்வந்தால், எது உள்ளது, எது இல்லை, எதை இனி ஒருவரும் தனியே வாங்க வேண்டியதில்லை என்பது யாவர்க்கும் விளங்கும். அடுத்த கடனும் அடுத்த வருத்தமும் அப்பட்டியலாலேயே தவிர்க்கப்படக்கூடும். வியர்வை சிந்தி ஈட்டிய பணம் துருவாக மாறாமல், விளைச்சலாகவும் ஓய்வாகவும் நம் குடும்பங்களுக்குத் திரும்பி வருமாறு செய்வது நம் அனைவரின் கடமையாகும்.